ஷாக் பிடிக்கும் கணினிக் கோட்: ஆறு வருடம் ஓட்டிய பிறகு

கொழிஞ்சாம்பாறை வீட்டில், பழைய டெஸ்க்டாப் ஒன்றில், சூப்பர்சானிக் (ஒலியை விட வேகமான) காற்றோட்டத்தைக் கணக்கிட நானே எழுதிய கணினி நிரலை (கோட்) ஆறு வருடமாக ஓட்டி வருகிறேன். எத்தனையோ முறைகளை மாற்றிப் போட்டுப் பார்த்தாயிற்று. தினசரி வேலைக்கு என்னிடம் நிலைத்தது, ஓட்டத்தைச் சின்னச் சின்ன செல்லாகப் பிரித்து ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்கு எவ்வளவு பாய்கிறது என்று கணக்கிடும் ஹெச்.எல்.எல்.சி. ஃப்ளக்ஸும், விடை நெளியாமல் அடக்கும் வான் லீர் லிமிட்டரும்தான்.

முதல் வருடம் லாக்ஸ்–வெண்ட்ராஃப் என்ற முறை. வழவழப்பான ஓட்டத்தில் அருமை. ஷாக், அதாவது அழுத்தமும் அடர்த்தியும் சட்டென்று தாவும் அதிர்ச்சி அலை, வந்தால் அதை ஒட்டி விடையில் அலை அலையாக நெளிவு. ஷாக் பலமானால் அழுத்தம் மைனஸில் இறங்கி, ஒலிவேகத்துக்கு வர்க்கமூலம் எடுக்கும் இடத்தில் கோட் செத்துவிடும். கணிதவியலாளர் கோடுனோவின் 1959 முறைக்கு மாறினேன். நெளிவு போனது, கூர்மையும் போனது. நேரியல் முறை புது நெளிவு உண்டாக்காமல் இருக்க வேண்டுமென்றால் முதல் வரிசைத் துல்லியத்தைத் (செல்லைப் பாதியாக்கினால் பிழையும் பாதிதான் ஆகும்; இரண்டாம் வரிசையில் காலாகும்) தாண்ட முடியாது என்று அவரே நிறுவியிருக்கிறார். இது புரிந்த அன்றுதான் லிமிட்டர் எதற்கென்று விளங்கியது: வழவழப்பான இடத்தில் இரண்டாம் வரிசை, ஷாக்கில் முதல் வரிசை.

அப்பா விவசாயி. “திரையில அப்படி என்னடா பாக்கற?” என்பார். “ஷட்டருக்குக் கீழ வேகமா ஓடற தண்ணி ஓரிடத்துல சட்டுனு எழும்பி மெதுவாகுமே, அந்த மாதிரி காத்துலயும் உண்டுப்பா” என்றேன். உடனே பிடித்துக்கொண்டார். இரண்டுக்கும் சமன்பாடுகள் நெருங்கிய உறவுதான்.

சூப்பர்பீ லிமிட்டரைச் சில மாதம் நம்பினேன். கூர்மை பிரமாதம், ஆனால் மென்மையான அலையைக்கூடப் படிக்கட்டாக வெட்டிவிடும். விட்டுவிட்டேன்.

எதை மாற்றினாலும் முதலில் சோட் குழாய் சோதனை: குழாயில் தடுப்பால் பிரித்த அதிக, குறைந்த அழுத்த வாயு, தடுப்பை எடுத்ததும் எப்படிப் பாயும் என்ற, சரியான விடை தெரிந்த கணக்கு. வர வேண்டிய விடை (அலகில்லா எண்கள்): நடு அழுத்தம் 0.303, வேகம் 0.927, இரண்டு பக்க வாயுவும் சந்திக்கும் தொடர்பு எல்லையில் அடர்த்தி 0.426-லிருந்து 0.266. நூறு செல்லில் முதல் வரிசை முறை அந்த எல்லையைப் பத்துக்கும் மேற்பட்ட செல்லில் இழுத்துவிடும். அப்புறம் மாக் 2 (ஒலிவேகத்தின் இரண்டு மடங்கு) காற்றில் 15 டிகிரி ஆப்பு: ஷாக் 45.3 டிகிரியில் நிற்க வேண்டும்.

ஒரு குறை இன்னும் உண்டு. மழுங்கிய முகப்பின் முன்னால், மாக் 6 போல வேகம் ஏறி, கிரிட் (செல்களின் வலை) ஷாக்கோடு ஒரே வரிசையில் அமைந்துவிட்டால், ஷாக்கில் கொப்புளம் மாதிரி ஒரு புடைப்பு கிளம்பும். ரோ முறை என்ற இன்னொரு ஃப்ளக்ஸில் பார்த்து அதன் தவறென்றே நினைத்திருந்தேன். ஹெச்.எல்.எல்.சி.யிலும் வந்தது. இப்போது ஷாக் இருக்கும் செல்களில் மட்டும் விடையை அதிகம் மழுங்கடிக்கும் எளிய முறையான ஹெச்.எல்.எல்., மற்ற இடத்தில் ஹெச்.எல்.எல்.சி. என்று மாறிக்கொள்ளும்படி வைத்திருக்கிறேன். போன வருடத்திலிருந்து புடைப்பு வரவில்லை.