ரவுட்டரில் பூட்டா, போனில் பூட்டா? பிள்ளைகளின் கேமை எங்கே நிறுத்துவது

நாங்கள் முதலில் நம்பியது ரவுட்டரைத்தான். ஒரே இடத்தில் பூட்டினால் போன், டேப்லெட், டிவி எல்லாவற்றுக்கும் போதும் என்று கணக்குப் போட்டோம். மூன்றே மாதத்தில் கேமை நிறுத்தும் வேலையைப் போனுக்குள் மாற்றிவிட்டோம்.

மொபைல் டேட்டாவும் விபிஎன்னும் (எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பதை மறைத்து அனுப்பும் ஆப்) ரவுட்டரைத் தாண்டிவிடும் என்பது தெரிந்த கதை. எங்களைச் சோர்வடைய வைத்தது பராமரிப்பு. எந்தச் சாதனம் எந்த முகவரிக்குப் போகிறது என்பதுதான் சாதாரண ரவுட்டருக்குத் தெரியும். எது கேம், எது பாடம் என்று தெரியாது. மகன் ஆடும் கேமின் இணையதளத்தைத் தடுத்தேன். பிரவுசரில் தளம் திறக்கவில்லை, ஆப்பில் ஆட்டம் பாட்டுக்கு ஓடியது. ஆட்டத்தை நடத்தும் சர்வர்கள் வேறு முகவரிகளில், பல நேரம் பலரும் பகிரும் வாடகைக் கிளவுடில் இருக்கும். அந்தக் கிளவுடையே தடுத்தால் பாட ஆப்பும் சேர்ந்து படுத்துவிடும். போர்ட்டை, அதாவது கேம் சர்வரோடு பேசும் வாசல் எண்ணை, தடுக்கலாமே என்றால், மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பின் வழக்கமான போர்ட் 25565. சர்வர் நடத்துகிறவர் நினைத்தால் அதையும் மாற்றிக்கொள்வார். வாராவாரம் பட்டியலைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று.

ஒருநாள் ரவுட்டரின் சாதனப் பட்டியலில் ஒரே போன் இரண்டு வரியில் நின்றது. ஆண்ட்ராய்டு 10 முதல் வைஃபைக்குப் போலி மேக் முகவரி (ரவுட்டர் சாதனத்தை அடையாளம் காணும் எண்) கொடுப்பதுதான் வழக்கமான அமைப்பு. ஐஓஎஸ் 14 முதல் ஐபோனிலும் அப்படியே. வைஃபை அமைப்பில் மகன் அதை அசல் முகவரிக்கு மாற்றியிருந்தான். நான் தடுத்திருந்தது பழைய வரியை. அனுமதித்த சாதனம் மட்டுமே நுழையலாம் என்று வைத்தால் இந்த ஓட்டை அடைபடும், ஆனால் வருகிற விருந்தாளி ஒவ்வொருவரின் போனையும் நாமே சேர்க்க வேண்டும்.

போனில் வைத்த ஃபேமிலி லிங்க் என்ற கூகுளின் பெற்றோர் கட்டுப்பாட்டு ஆப், கேம் ஆப்பையே பிடிக்கிறது. இந்த கேமுக்கு நாளுக்கு 45 நிமிடம் என்று வைத்தால் வைஃபையோ மொபைல் டேட்டாவோ, கணக்கு ஒன்றுதான். புது ஆப் இறக்க என் அனுமதி வேண்டும். நெட் இல்லாமல் ஆடும் கேமுக்கும் இது பொருந்தும்; ரவுட்டரால் அது முடியவே முடியாது. பிரவுசரில் ஆடும் கேம்களைத் தனியாகத்தான் தடுக்க வேண்டியிருக்கிறது. ஐபோனில் இதற்கு ஸ்கிரீன் டைம் உண்டு. எங்கள் வீட்டில் ஐபோன் இல்லாததால் அதைப் பழகிப் பார்த்ததில்லை.

ரவுட்டரைக் கைவிடவில்லை. இரவு நெட்டை மொத்தமாக நிறுத்த அதுதான் வசதி. நேர அட்டவணை போட்டால், ஆட்டம் ஓடும்போதே அந்த நேரம் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். சில ரவுட்டர்கள் புது இணைப்பை மட்டுமே தடுக்கும், ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தை விட்டுவிடும்.