ஆச்சியின் செம்பில் வெள்ளி ரூபாய்: அரசு பிடுங்குமா, விட்டுவைக்குமா?

கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் என் அத்தை ஒன்பது வெள்ளி ரூபாயை அவசரமாக விற்றுவிட்டாள். அம்பாசமுத்திரம் பஸ்ஸில் யாரோ சொன்னார்களாம்: பழைய வெள்ளிக் காசுகளை அரசாங்கம் திரும்பப் பெறப் போகிறது, கெடு முடிந்துவிட்டால் அவை வெறும் தகடுதான் என்று. "ஐந்நூறு, ஆயிரம் நோட்டுக்கு வந்த கதிதான் இதற்கும் வரும், மருமகனே" என்றாள் என்னிடம். 2016 நவம்பர் 8 இரவைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பயம் வருவதை நான் குறை சொல்ல மாட்டேன். கோபம் வருவது அவளுடைய பயத்தை எடை போட்டு வாங்கிய கடையின் மேல்தான்.

கணக்கைப் பாருங்கள். ஒரு விக்டோரியா ரூபாய் புதிதாக இருந்தபோது ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி; சுத்த வெள்ளி மட்டும் 10.69 கிராம். ஒன்பது காசும் தேய்மானம் போக 102 கிராம் நின்றன. நியாயப்படி 93 கிராமுக்கு மேல் சுத்த வெள்ளிக்கு விலை கொடுத்திருக்க வேண்டும். கடையில் "பழைய காசு, கலப்படம் அதிகம்" என்று சொல்லி எழுபத்தைந்து சதவீதத்துக்குத்தான் கணக்குப் போட்டார்கள். ஏறக்குறைய 17 கிராம் வெள்ளி காற்றில் போயிற்று. ஒன்பது காசு கொண்டுபோனவளுக்கு ஏழரைக் காசின் விலைகூட முழுதாகக் கிடைக்கவில்லை.

ஆகவே இரண்டு கேள்விகளையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது. பழைய வெள்ளிக் காசுகள் விஷயத்தில் அரசுக்கு முன்னால் இருக்கும் வழிகள் எவை? நம் வீட்டுச் செம்பில் இருக்கும் காசுக்கு நமக்கு முன்னால் இருக்கும் வழிகள் எவை?

அரசின் இரண்டு வழிகள்

வெள்ளி நாணயம் தொல்லையாகும்போது அரசு இரண்டில் ஒன்றைத்தான் செய்யும். "கொண்டுவந்து கொடு, இன்ன தேதிக்கு மேல் செல்லாது" என்று அறிவிப்பது ஒன்று. காசை அதன் போக்கில் விட்டுவிட்டு, உருக்கக் கூடாது என்று மட்டும் தடை போட்டு, மாற்றுப் பணத்தைப் புழக்கத்தில் இறக்குவது மற்றொன்று. இந்த இரண்டையும் நம் நாடு ஒரே தலைமுறைக்குள் பார்த்திருக்கிறது.

முதல் உலகப் போரின்போது நடந்தது இரண்டாவது வழி. உலகச் சந்தையில் வெள்ளி விலை ஏறி, ஒரு ரூபாய்க் காசில் இருக்கும் வெள்ளி ஒரு ரூபாய்க்கு மேல் பெறும் நிலை வந்தது. அப்போது அரசு காசுகளைத் திரும்பக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் யார் கொடுத்திருப்பார்கள்? 1917இல் காசை உருக்குவதையும் பணமாக அல்லாமல் வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவதையும் தடை செய்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 30இல் முதல் ஒரு ரூபாய் நோட்டு வந்தது. 1918இல் அமெரிக்கா தன் வெள்ளி டாலர்களை உருக்கி ஏறக்குறைய 20 கோடி அவுன்ஸ் வெள்ளியை இந்தியாவுக்கு விற்றது. அதைக் கொண்டு மேலும் ரூபாய் அடித்தார்கள்.

இரண்டாம் உலகப் போரில் நடந்தது முதல் வழி. 1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்த செய்தி வந்ததும் ஜனங்கள் நோட்டைக் கொடுத்துவிட்டு வெள்ளி ரூபாயாக வாங்கிப் பதுக்கத் தொடங்கினார்கள். தேவைக்கு மேல் காசு சேர்ப்பதையே குற்றம் என்றது அரசு. மறுபடி ஒரு ரூபாய் நோட்டு வந்தது. பாதி மட்டுமே வெள்ளி கலந்த புது ரூபாய் வந்தது. பிறகு பழைய காசுகளை வரிசையாகத் திரும்ப அழைத்தார்கள்: விக்டோரியா ரூபாய்க்கு 1941 மார்ச் 31 கெடு, ஏழாம் எட்வர்டு ரூபாய்க்கு 1942 மே 31, ஐந்தாம் ஆறாம் ஜார்ஜ் மன்னர்களின் பழைய தர ரூபாய்க்கு 1943.

இந்த முறை ஜனங்கள் ஏன் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்? 1940இல் ஒரு ரூபாய்க் காசின் வெள்ளி, சந்தையில் ஒரு ரூபாய் பெறவில்லை. பதினாறு அணா ஒரு ரூபாய் என்ற காலம் அது. உருக்கினால் பத்தணாகூடத் தேறாத காசுக்குக் கஜானாவில் முழு ரூபாய் கிடைத்தது. கெடு தாண்டினால் நஷ்டம் வைத்திருப்பவருக்குத்தான்.

இந்த வித்தியாசத்தைத்தான் நான் அத்தைக்குச் சொல்ல முயன்றேன். காசின் முகமதிப்பு பெரிதா, அதில் இருக்கும் உலோகம் பெரிதா? முகமதிப்பு பெரிது என்றால் அரசு திரும்ப அழைக்கும்; அழைப்பு பலிக்கும். உலோகம் பெரிது என்றால் அழைத்துப் பயனில்லை. இன்று நாம் நிற்பது 1917இன் நிலைமையில், அதுவும் பல மடங்கு பெரிய அளவில். கிராம் 100 ரூபாய் என்று கணக்குக்கு வைத்தால்கூட, ஒரு ரூபாய்க் காசுக்குள் 1,069 ரூபாய் வெள்ளி இருக்கிறது. ஒரு ரூபாய் கொடுத்து அதை வாங்கிக்கொள்ள எந்த அரசு அறிவிப்பு விட்டாலும் கஜானா வாசலில் ஒரு ஆள் நிற்க மாட்டார்.

அதைவிட அடிப்படையான ஒன்றும் உண்டு. ராஜா ராணி தலை போட்ட அந்தக் காசுகள் செல்லாமல் போய் எண்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அத்தை பிறப்பதற்கு முன்பே அவை பணம் என்ற தகுதியை இழந்துவிட்டன. செல்லாக் காசை இன்னொரு முறை செல்லாது என்று அறிவிக்க முடியாது. நோட்டுக்கும் இதற்கும் உள்ள தூரம் இதுதான்: நோட்டைச் செல்லாது என்றால் மிஞ்சுவது தாள், வெள்ளி ரூபாயைச் செல்லாது என்ற பிறகும் வெள்ளி மிஞ்சியது.

அப்படியானால் திரும்பப் பெறச் சட்டப்படி ஏதாவது மிச்சம் இருக்கிறதா? இருக்கிறது; ஆனால் அது வேறு காசு. 1969இல் காந்தி நூற்றாண்டுக்கு வெளியிட்ட பத்து ரூபாய் வெள்ளி நாணயம்: 15 கிராம் எடை, எண்பது சதவீதம் வெள்ளி. அதையடுத்து எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த வெள்ளி நினைவு நாணயங்கள். 2011 ஜூன் 30இல் 25 காசையும் அதற்குக் கீழுள்ள சில்லறையையும் திரும்பப் பெற்றதுபோல இவற்றையும் பெற அரசுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் 12 கிராம் வெள்ளியைப் பத்து ரூபாய்க்குக் கொடு என்று கேட்பதாகத்தான் அது முடியும். அதனால் நடக்காது என்பதே என் தீர்மானம்.

வெளிநாடுகளில் இரண்டு வழியும் உண்டு. அமெரிக்கா 1965இல் பத்து, இருபத்தைந்து சென்ட் காசுகளிலிருந்து வெள்ளியை எடுத்தது. பழைய வெள்ளிக் காசைச் செல்லாது என்று சொல்லவில்லை. 1967இல் உருக்கத் தடை போட்டு, 1969இல் அதையும் நீக்கியது. இன்றும் அவை சட்டப்படி செல்லும், ஆனால் கடைக் கல்லாவில் கண்ணில் படாது. சுவிட்சர்லாந்து 1971இல் பழைய வெள்ளிக் காசுகளைச் செல்லாதவை ஆக்கியது. இரண்டு நாட்டிலும் வீட்டில் இருந்த வெள்ளி வெள்ளியாகவே இருந்தது.

செம்புக்குள் என்ன இருக்கிறது

எங்கள் ஆச்சியின் செம்பை இந்தக் கலவரத்தில்தான் கவிழ்த்து எண்ணினேன். 24 காசுகள். எல்லாவற்றையும் "வெள்ளி ரூபாய்" என்றே ஆச்சி சொல்லிவந்தாள். அவற்றில் 17 மட்டுமே நல்ல வெள்ளி: விக்டோரியா ஆறு, எட்வர்டு ஐந்து, ஐந்தாம் ஜார்ஜ் ஆறு. நான்கு காசுகள் 1940களின் பாதி வெள்ளி. எடை அதே 11.66 கிராம்தான், உள்ளே 5.83 கிராம் வெள்ளி. மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். போர்க்காலத்தில் அமெரிக்காவிடம் கடன் வாங்கிய வெள்ளியை 1957இல் திருப்ப வேண்டி வந்தபோது, கல்கத்தா அலிப்பூர் ஆலையில் உருகியவை பெரும்பாலும் இந்த வகைக் காசுகள்தான்.

இரண்டு காசுகள் 1947இல் வந்த புலி போட்ட ரூபாய். அவற்றில் வெள்ளி கடுகளவும் இல்லை, முழு நிக்கல். காந்தத்தைக் காட்டினால் ஒட்டிக்கொள்ளும். எந்தக் கடைக்கும் போகுமுன் வீட்டிலேயே செய்ய வேண்டிய சோதனை இது. கடைசியாக ஒரே ஒரு காந்தி பத்து ரூபாய்.

அடியில் துணி முடிச்சு ஒன்றும் இருந்தது. ஆச்சி பிறந்த ஊர் செங்கோட்டை. 1956 நவம்பர் 1 வரை அது திருவிதாங்கூர் பக்கம். முடிச்சுக்குள் மிளகளவு வெள்ளிச் சக்கரங்கள், திருவிதாங்கூரின் பழைய காசு. நான்கு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு சர்க்கார் ரூபாய், அதாவது திருவிதாங்கூர்க் கணக்கு ரூபாய். கையால் எண்ண முடியாத பொடி என்பதால் குழி போட்ட சக்கரப் பலகையில் வாரி எண்ணுவார்கள். கொற்கையில் சிவனுக்கே அக்கசாலை ஈஸ்வரமுடையார் என்று பெயர். அக்கசாலை என்றால் காசு அடித்த சாலை; அந்தச் சாலைக்கும் கோயிலுக்கும் அவ்வளவு நெருக்கம் இருந்த நாடு இது. அந்த முடிச்சை எந்தக் கடைக்கும் கொண்டுபோக எனக்கு மனமில்லை.

உருக்கலாமா, சேகரிப்பவருக்குக் கொடுக்கலாமா, வைத்திருக்கலாமா

உருக்குவதில் உள்ள நன்மை வேகம். திருநெல்வேலி டவுன் ரத வீதிகளில் ஏறி இறங்கினால் அன்றைக்கே பணம் கைக்கு வரும். பேரனுக்கு அரைஞாண் கொடியோ பேத்திக்குக் கொலுசோ செய்தால் காசு உடம்பில் ஏறும்; அதுவும் ஒரு நிறைவுதான். ஆனால் சேதாரம், செய்கூலி என்று போக, அந்தக் கொலுசைத் திரும்ப விற்கும்போது முதலில் இருந்த வெள்ளிக்கும் விலை வராது. விற்பதானால் வருடம் வாரியாகப் பிரித்து எடை போடச் சொல்லுங்கள். 91 சதவீதம் என்ற எண்ணை நாமே முதலில் சொல்லிவிட வேண்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் பத்தரிடம் உரைகல்லில் உரசிப் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி செல்லுபடியாகும் நாணயத்தை உருக்குவது குற்றம். ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. 1943க்குள் செல்லாமல் போன ராஜா ராணி காசு அதில் வராது. காந்தி பத்து ரூபாய் வரும். இரண்டையும் ஒரே தட்டில் கொட்டிக் கொடுத்துவிடக் கூடாது.

சேகரிப்பவரிடம் விலை கூடுதலாகக் கிடைக்கலாம் என்பது உண்மை. ஆனால் எல்லாக் காசும் அபூர்வம் அல்ல. 1862 என்று போட்ட விக்டோரியா ரூபாயைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டாம். அந்த ஆண்டு எண்ணை மாற்றாமலே பல வருடம் அடித்தார்கள், ஆகவே ஏராளம். 1911 ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்க்குத் தனி மதிப்பு உண்டு. மன்னரின் அங்கியில் இருந்த யானை பன்றியைப் போலத் தெரிந்ததால் எதிர்ப்புக் கிளம்பி, வெளியிடாமல் இருந்தவற்றை உருக்கினார்கள். 1939 வெள்ளி ரூபாய் மிக அரிது; அதனாலேயே போலியும் அதிகம். எதுவானாலும் திருநீறு போட்டுப் பளபளவென்று தேய்க்காதீர்கள். நாம் விளக்கு துலக்கும் கையோடு காசையும் துலக்கிவிடுகிறோம். சேகரிப்பவர் தேடும் பழைய படலம் அதோடு போய்விடும்.

போனில் வருகிற "உங்கள் காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள்" என்ற அழைப்பை நம்பவே கூடாது. ரிசர்வ் வங்கியே தன் பெயரைச் சொல்லி நடக்கும் இந்த மோசடியைப் பற்றி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. நூறு ஆண்டு கடந்த காசை வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைக்கு அனுப்புவதும் கூடாது. தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டும்போது பானையாகக் கிடைத்தால் அது புதையல்; கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும்.

வைத்திருப்பதற்குச் செலவு இல்லை, கெடுவும் இல்லை. வெள்ளி விலை ஏறும், இறங்கும், வட்டி வராது. மருத்துவச் செலவோ கல்லூரிக் கட்டணமோ கழுத்தை நெரித்தால் விற்பதில் தவறே இல்லை. வதந்திக்காக விற்பதுதான் வேண்டாம். நம் பக்கத்துக் கடைகளிலும் பஸ்களிலும் பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மறுத்த காலம் நினைவிருக்கும். எல்லா வடிவமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018இல் தெளிவாகச் சொன்ன பிறகும் கண்டக்டர்கள் முகம் சுளித்தார்கள். செல்லும் காசைச் செல்லாது என்று நம்பியவர்கள், என்றோ செல்லாமல் போன காசுக்கு இன்று பயப்படுகிறார்கள்.

அத்தையிடம் இன்னும் ஐந்து காசு மிச்சம் இருக்கிறது. சனிக்கிழமை கல்லிடைக்குறிச்சிக்குப் போகிறேன். ஒரு காந்தமும், கிராம் காட்டும் சின்னத் தராசும் எடுத்துவைத்திருக்கிறேன்.