தடுப்பூசியா, தொற்றா: பன்றிக் குருதிச் சோதனைகள் ஓர் ஒப்பீடு

ஒரு பன்றியின் குருதியில் வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) இருப்பதாக எலைசா சோதனை காட்டினால், அது தொற்று விட்டுச்சென்ற தடமா, தடுப்பூசி உண்டாக்கியதா என்பதை வழக்கமான சோதனையால் பிரித்தறிய முடியாது. பன்றிகளிடையே பரவும் வைரஸ் நோயான பாரம்பரியப் பன்றிக் காய்ச்சலுக்கு (கிளாசிக்கல் ஸ்வைன் ஃபீவர்) எதிராக வழக்கமாகத் தடுப்பூசி போடுவதை ஐரோப்பிய நாடுகள் 1990இல் கைவிட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம். (செய்தித்தாள்கள் ‘பன்றிக் காய்ச்சல்’ என்று எழுதும் மனிதரின் எச்1என்1 காய்ச்சல் முற்றிலும் வேறு.) அந்த முடிவின் விலை 1997-98இல் நெதர்லாந்தில் தெரிந்தது. 429 பண்ணைகளில் தொற்று உறுதியானது, ஏறத்தாழ 1.1 கோடி பன்றிகள் அழிக்கப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை நோயுற்றவையே அல்ல. பன்றிகளை வெளியே கொண்டுசெல்லத் தடை இருந்ததால் கொட்டில்களில் இடமின்றி நெருக்கியடித்துக் கிடந்தவை அவை.

இதே சிக்கலை, பன்றிகளைத் தாக்கும் மற்றொரு வைரஸ் நோயான ஆஜெஸ்கியில் வெகு நேர்த்தியாகத் தீர்த்திருந்தார்கள். 1961இல் ஹங்கேரியில் கிடைத்த பார்த்தா திரிபில் வைரஸின் ‘ஜி-ஈ’ என்ற புரதம் இல்லை. அதைத் தடுப்பூசியாகப் போட்ட பன்றிக்கு ஜி-ஈ எதிர்ப்பொருள் உண்டாகாது. காட்டு வைரஸ், அதாவது வெளியே இயல்பாகப் பரவும் வைரஸ், தொற்றிய பன்றிக்கு உண்டாகும். ஆகவே ஜி-ஈ எலைசா ஒன்றே போதுமானதாயிற்று. சோதனையைக் கூர்மையாக்கியது ஆய்வுக்கூடக் கருவியன்று, தடுப்பூசியில் இல்லாத ஒரு புரதம் என்பதே என் கருத்து. இன்னொரு வசதியும் இதற்கு உண்டு. இந்த ஹெர்பெஸ் வகை வைரஸ் நரம்புக்கணுக்களில் ஆயுள் முழுதும் ஒளிந்துகொள்வதால், ஜி-ஈ எதிர்ப்பொருள் உள்ள பன்றியை வைரஸ் சுமப்பதாகவே கருதிப் பட்டியிலிருந்து நீக்கலாம். குருதியில் வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் பிசிஆருக்கு இங்கே பெரிதாக வேலை இல்லை.

பாரம்பரியப் பன்றிக் காய்ச்சலில் நிலைமை தலைகீழ். வைரஸ் சில நாட்களுக்குள் குருதிக்கு வந்துவிடுகிறது. எதிர்ப்பொருளோ தென்பட இரண்டு மூன்று வாரங்கள் ஆகலாம். எனவே நோய் பரவிக்கொண்டிருக்கும்போது பிசிஆர்தான் முன்னால் நிற்கிறது. கருவிலேயே தொற்றிப் பிறந்த குட்டிகளில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். அவை மாதக்கணக்கில் வைரஸை வெளியேற்றிக்கொண்டே இருந்தாலும் எதிர்ப்பொருளை உருவாக்காமலிருக்கக்கூடும். எலைசாவை மட்டும் நம்பினால் மிக ஆபத்தான அந்தக் குட்டிகளையே ‘தொற்றில்லை’ என்று ஒதுக்கிவிடுவோம். மறுபுறம், நோயிலிருந்து தேறிய பன்றி வைரஸை முற்றாக அகற்றிவிடுவதால், முன்பு அந்தப் பட்டிக்குள் நோய் புகுந்ததா என்பதை எதிர்ப்பொருளிடம்தான் கேட்க வேண்டும்.

ஜி-ஈ வழியை இங்கேயும் பின்பற்ற முயன்றார்கள். முதலில் வந்தவை ‘ஈ-2’ புரதத்தை மட்டும் கொண்ட தடுப்பூசிகள். அவை போட்ட பன்றியில் ‘ஈ-ஆர்என்எஸ்’ என்ற மற்றொரு புரதத்துக்கான எதிர்ப்பொருள் இருந்தால், அது தொற்றைக் குறிக்கும். ஆனால் பாதுகாப்பு கிடைக்க வாரங்கள் ஆயின. பிறகு 2015இல் ஐரோப்பிய அனுமதி பெற்ற சிபி7-ஈ2ஆல்ஃப், மாட்டு வயிற்றுப்போக்கு வைரஸின் உடலில் பன்றிக் காய்ச்சலின் ஈ-2வைப் பொருத்திய உயிருள்ள தடுப்பூசி. ஒரே ஊசியில் பாதுகாப்புத் தருகிறது. இங்கே சோதனைதான் திணறுகிறது. அந்தப் பன்றியிடம் மாட்டு வைரஸின் ஈ-ஆர்என்எஸ்ஸுக்கான எதிர்ப்பொருள் இருக்கும். நெருங்கிய உறவினரான இரண்டு வைரஸ்களின் ஒரே புரதத்தை எலைசா பிரித்துச் சொல்ல வேண்டும். மாடுகளிடமிருந்தோ ஆடுகளிடமிருந்தோ தொற்றும் இதே குடும்பத்து வைரஸ்களும் குழப்பத்தைக் கூட்டுகின்றன.

தொற்றில்லாத பன்றியைச் சரியாகத் ‘தொற்றில்லை’ என்று சொல்லும் திறன் (தனித்தன்மை) 99 விழுக்காடு என்றாலே, தொற்றே இல்லாத 1,000 பன்றிகளில் பத்து தவறாகச் சுட்டப்படும். ஆகவே ஈ-ஆர்என்எஸ் முடிவைப் பட்டி முழுவதற்குமான அறிகுறியாக மட்டுமே கொள்ள வேண்டும். ஒற்றைப் பன்றியின் தலையெழுத்தை அதைக்கொண்டு எழுதக்கூடாது.

மூன்றாவது வழியும் உண்டு. பழைய ‘சி’ திரிபுத் தடுப்பூசி ஒரு வாரத்துக்குள்ளேயே காக்கிறது. அதன் மரபுப்பொருளைக் காட்டு வைரஸிலிருந்து பிரித்தறியும் பிசிஆர்களும் இருக்கின்றன. நோய் பரவும் வேளையில் நான் தேர்ந்தெடுப்பது இந்த இணையைத்தான். ஆனால் பரவல் ஓய்ந்தபின் ‘இந்தப் பட்டியில் நோய் வந்துபோனதா’ என்ற கேள்விக்கு அது விடை தராது. அங்கே, சிபி7-ஈ2ஆல்ஃப் போன்ற தடுப்பூசியைப் போட்டிருந்தால், குறைகளோடும் ஈ-ஆர்என்எஸ் சோதனைதான் கைகொடுக்கும். முயலில் வளர்த்த வெய்பிரிட்ஜ் திரிபை நெடுங்காலம் பயன்படுத்திவந்த இந்தியாவிலும் இதே தடை உண்டு: அத்தடுப்பூசி ஈ-2, ஈ-ஆர்என்எஸ் ஆகிய இரு புரதங்களுக்கும் எதிர்ப்பொருளை உண்டாக்குவதால், ஊசி போட்ட பட்டியில் எலைசாவால் தொற்றைத் தேட முடியாது.

மாதிரி எடுப்பவர் இரண்டு குழாய்களையும் நிரப்பிக்கொள்வது நல்லது: பிசிஆருக்கு ஈடிடிஏ குழாய், எலைசாவுக்கு உறைய விடும் வெறுங்குழாய். ஹெப்பாரின் கலந்த குழாயைத் தவிர்க்க வேண்டும். அது பிசிஆர் வினையையே தடுத்துவிடும்.