குற்ற உளவியல் டிப்ளமோவுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பி.எஸ்சி. உளவியல் முடித்த கையோடு, 78,000 ரூபாய் கட்டி 'குற்ற உளவியல் முதுநிலை டிப்ளமோ' ஒன்றில் சேர்ந்தேன். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்த பணம் அது. ஒரு வருடம் போன பிறகுதான் அந்தச் சான்றிதழை எங்கும் மதிக்கமாட்டார்கள் என்று தெரிந்தது. இதே மாதிரி விளம்பரங்கள் இன்ஸ்டாகிராமில் இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன. அதனால்தான் எழுதுகிறேன்.

"இது எம்.எஸ்சி.க்குச் சமம்மா, சிறையிலேயே பயிற்சி, முடிச்சதும் போலீஸ்ல புரொஃபைலர் ஆகலாம்" என்றார் அந்த நிறுவனத்திலிருந்து போனில் பேசியவர். குற்றம் நடந்த விதத்தை வைத்துக் குற்றவாளி எப்படிப்பட்டவர் என்று கணிப்பவர்தான் புரொஃபைலர். மாதிரிச் சான்றிதழில் ஐஎஸ்ஓ முத்திரையும் எம்எஸ்எம்இ பதிவு எண்ணும் இருந்தன. அரசு அங்கீகாரம் என்று நம்பிவிட்டேன். ஐஎஸ்ஓ 9001 என்பது ஒரு நிறுவனத்தின் நிர்வாக நடைமுறைக்குத் தருவது. எம்எஸ்எம்இ பதிவைச் சிறுதொழில் நடத்துபவர்கள் இணையத்தில் தாங்களே செய்துகொள்ளலாம். படிப்பின் தரத்துக்கும் இவற்றுக்கும் தொடர்பே இல்லை.

வகுப்புகளில் பாதி, பழைய வீடியோக்கள். அமெரிக்கத் தொடர் கொலைகாரர்களைப் பற்றி வாரக்கணக்கில் ஓடின. நம் ஊரில் உளவியலாளருக்கு உண்மையில் வேலை இருக்கும் இடங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 16 வயது நிறைந்த சிறுவன் கொடிய குற்றத்தில் சிக்கினால், செய்ததன் விளைவு அவனுக்குப் புரிந்திருந்ததா, எந்தச் சூழலில் செய்தான் என்பதை, சிறுவர்கள் மீதான வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் மதிப்பிட வேண்டும். 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 15ஆம் பிரிவு அது. இதற்குக் குழுமம் அனுபவமுள்ள உளவியலாளரின் உதவியைக் கேட்கலாம். அந்தப் பையனைப் பெரியவர்களைப் போல விசாரிப்பதா என்பதே இந்த மதிப்பீட்டில்தான் தொங்குகிறது. இவ்வளவு பெரிய பொறுப்பு எங்கள் வகுப்பில் பேச்சுக்கே வரவில்லை.

உண்மை கண்டறியும் சோதனை பற்றி நடத்தியது இன்னும் மோசம். சந்தேகப்படுபவரை உட்கார வைத்துக் கருவியை மாட்டிவிடலாம் என்பது போலச் சொன்னார்கள். சம்மதமில்லாமல் யாருக்கும் அதைச் செய்யக் கூடாது என்று செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இலேயே தீர்ப்பளித்துவிட்டது. தவறாகக் கற்றுக்கொண்டு போனால் பாதிக்கப்படுவது நாம் மட்டும் இல்லையே. போன பணத்தைவிட எனக்கு ஆறாதது இதுதான்.

சிறைப் பயிற்சி? ஓய்வுபெற்ற ஒருவர் ஞாயிற்றுக்கிழமை ஜூமில் ஒரு மணி நேரம் பேசினார். அவ்வளவுதான்.

அப்புறம், வழக்கில் சிக்கிய சிறுவர்களைத் தங்கவைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தின் நேர்காணலுக்குப் போனேன். அந்த மேடம் சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எந்த யுனிவர்சிட்டிம்மா இது?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. "பி.எஸ்சி. முடிச்சதும் நேரா எம்.எஸ்சி. போயிருக்கலாமே" என்றார், திட்டாமல், வருத்தத்தோடு.

அவர் சொன்னதுதான் வழி. முதலில் பல்கலைக்கழகத்தில் உளவியலில் முதுநிலை. நேரடி வகுப்பாக இருக்கட்டும். உளவியலைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்துவதை 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) நிறுத்தச் சொல்லிவிட்டது. குற்ற வழக்குகளில் உளவியலைப் பயன்படுத்தும் தடய உளவியலுக்கென்றே எம்.எஸ்சி. வேண்டுமென்றால் காந்திநகரில் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. மருத்துவ உளவியலாளராகப் பணி செய்ய வேண்டுமானால் இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பை முடித்து, அதன் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறைகள் உண்டு. நல்ல படிப்புதான், ஆனால் குற்றவியல் வேறு, உளவியல் வேறு. அதை மட்டும் படித்து உளவியலாளர் ஆக முடியாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த 'திருப்பித் தரப்படாது' என்ற வரியைக் காட்டினார்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். பலனில்லாததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. 2 வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். என்னைப் போல ஏமாந்தவர்கள் ரசீது, விளம்பர ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழித்துவிடாதீர்கள். 'எம்.எஸ்சி.க்குச் சமம்' என்று அவர்கள் அனுப்பிய ஒரு வாய்ஸ் மெசேஜ்தான் இப்போது என் கையில் இருக்கும் முக்கியமான சாட்சி.