உயர் ஆக்டேன் பெட்ரோலா, துப்புரவுச் சேர்மம் மிகுந்த சாதாரணப் பெட்ரோலா?

எனது காருக்குக் குறைந்தது 91 ஆர்.ஓ.என். (ஆக்டேனை அளக்கும் ஒரு சோதனை முறை) ஆக்டேன் கொண்ட பெட்ரோல் போதும் என்று உற்பத்தியாளரின் கையேடு கூறுகிறது. நான் வழக்கமாக நிரப்பும் நிலையத்தில் 95, 98 ஆகிய உயர் வகைகளும் கிடைக்கின்றன. இவற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்த பின், சாதாரண வகையையே தொடர்வது, ஆனால் அதைத் துப்புரவுச் சேர்மம் (இன்ஜினுக்குள் படியும் கரியையும் பிசினையும் நீக்கும் வேதிப்பொருள்) போதிய அளவில் கலந்து விற்கும் நிறுவனத்திடம் மட்டுமே வாங்குவது என்று முடிவு செய்தேன். கையேடு கேட்கும் ஆக்டேன் மதிப்பு நிறைவேறிவிட்டால், அதற்குமேல் இன்ஜினின் உடல்நலத்தைத் தீர்மானிப்பது அச்சேர்மங்களே என்பது என் உறுதியான கருத்து.

ஆக்டேன் பற்றிய அடிப்படை பலருக்கும் தெரிந்ததே. சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை அமுக்கப்படும்போது, ஸ்பார்க் பிளக்கின் தீ பரவி வருவதற்குள் ஒரு பகுதி தானாகவே பற்றிக்கொண்டால் ஏற்படும் அதிர்வே நாக்கிங். அதனைத் தாங்கும் திறனின் அளவுகோல்தான் ஆக்டேன் மதிப்பு. ஐசோ ஆக்டேனுக்கு 100 என்றும் நார்மல் ஹெப்டேனுக்கு 0 என்றும் வைத்து இது கணக்கிடப்படுகிறது. இது பெட்ரோலில் அடங்கியுள்ள ஆற்றலைக் குறிக்கும் அளவன்று. ஆகவே 91 ஆக்டேனுக்கென வடிவமைக்கப்பட்ட இன்ஜினில் 98 ஆக்டேன் பெட்ரோலை ஊற்றினால் கூடுதல் இழுவிசை கிடைக்கும் என எதிர்பார்க்க அடிப்படை ஏதுமில்லை. என் காரிலும் இழுவிசையிலோ மைலேஜிலோ நான் உணரக்கூடிய வேறுபாடு எதுவும் தென்படவில்லை.

ஒப்பிடும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லா நாடுகளிலும் பம்பின் மேல் ஒட்டப்படும் எண் ஒரே அளவுகோலைச் சார்ந்ததன்று. பெரும்பாலான நாடுகளில் ஆர்.ஓ.என். மதிப்பு எழுதப்படுகிறது, அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆர்.ஓ.என்., எம்.ஓ.என். (ஆக்டேனை அளக்கும் மற்றொரு சோதனை முறை) ஆகிய இரண்டின் சராசரி எழுதப்படுகிறது. எம்.ஓ.என். சோதனை அதிக வேகத்திலும் கூடுதல் வெப்பத்திலும் நடத்தப்படுவதால் அதில் கிடைக்கும் எண் எப்போதும் குறைவாகவே இருக்கும். இதனால் ஓரிடத்தில் 91 என்று விற்கப்படும் பெட்ரோலும் மற்றோரிடத்தில் 87 என்று விற்கப்படும் பெட்ரோலும் ஏறத்தாழ ஒரே தரத்தவை. வேறு நாட்டுக் கையேட்டையோ வேறு நாட்டவரின் பரிந்துரையையோ படிப்பவர்கள் இதனை மறந்துவிட்டால் தேவையற்ற அச்சத்துக்கு ஆளாவார்கள்.

உயர் ஆக்டேன் வகைக்கு உரிய இடம் நிச்சயமாக உண்டு. கையேட்டில் அது கட்டாயம் என்று எழுதப்பட்டிருந்தால் விவாதத்துக்கு இடமே இல்லை. அதையே நிரப்ப வேண்டும். பரிந்துரைக்கப்படுகிறது என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால், சாதாரண வகையில் ஓட்டினாலும் நாக் சென்சார் அதிர்வை உணர்ந்து தீப்பொறி நேரத்தைச் சற்றுத் தள்ளிப்போடும். இன்ஜினுக்குப் பாதுகாப்பு கிடைக்கும், ஆனால் இழுவிசையும் மைலேஜும் ஓரளவு குறையும். டர்போ பொருத்தப்பட்ட இன்ஜின்களில் இக்குறைவு அதிகமாகத் தெரியக்கூடும். அமுக்க விகிதத்தை, அதாவது சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பதை, மட்டும் பார்த்து இதை முடிவு செய்வதும் சரியாகாது. மாஸ்டா நிறுவனம் தனது ஸ்கைஆக்டிவ் பெட்ரோல் இன்ஜினை ஐரோப்பாவில் 95 ஆர்.ஓ.என். பெட்ரோலுக்காக 14:1 விகிதத்திலும், வட அமெரிக்காவில் சாதாரணப் பெட்ரோலுக்காக 13:1 விகிதத்திலும் விற்றது. பழைய கணக்குப்படி இவ்வளவு உயர்ந்த விகிதங்களுக்குப் பந்தயக் கார்களுக்கான எரிபொருளே தேவைப்பட்டிருக்கும். எரிதல் அறையின் வடிவமைப்பும் எரிபொருள் பீய்ச்சும் முறையும் அந்தக் கணக்கை மாற்றிவிட்டன. எனவே வடிவமைத்தவர் எழுதிய கையேட்டையே நம்ப வேண்டும்.

இனி என் தேர்வைத் தீர்மானித்த காரணத்துக்கு வருகிறேன். பெட்ரோல் எரியும்போதும், சூடான உலோகப் பரப்புகளில் படும்போதும் பிசினும் கரியும் சிறிது சிறிதாகப் படிகின்றன. இன்ஜெக்டரின் நுண்துளைகளில் படிவு சேர்ந்தால் பெட்ரோல் மென்மையான பனிப்புகையாகச் சிதறாமல் திவலைகளாக விழுகிறது. உள்ளிழுப்பு வால்வின் பின்புறத்தில் சேரும் படிவு கடற்பஞ்சைப் போல் பெட்ரோலை உறிஞ்சிக்கொள்வதால், குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது தடுமாற்றம் ஏற்படுகிறது. எரிதல் அறையிலேயே சேரும் படிவு இவை இரண்டையும்விடக் கவலைக்குரியது. அது அறையின் கொள்ளளவைக் குறைத்து அமுக்கத்தைக் கூட்டுகிறது. வெப்பம் வெளியேறுவதையும் தடுக்கிறது. இதன் விளைவாக, புதிதாக இருந்தபோது 91 ஆக்டேனில் அமைதியாக ஓடிய இன்ஜின், படிவு சேர்ந்த பின் அதைவிட உயர்ந்த ஆக்டேனைக் கேட்கத் தொடங்குகிறது. அதாவது, சாதாரணப் பெட்ரோல் இனியும் போதுமா என்பதையே முடிவு செய்வது இன்ஜினின் உட்புறத் தூய்மைதான். உயர் ஆக்டேன் வகையை வாங்கி நாக்கிங்கை அடக்குவது அறிகுறியை அடக்குவதேயாகும். படிவு தன் இடத்திலேயே இருக்கும்.

படிவைத் தடுப்பவை, சேர்ந்ததைக் கரைப்பவை, பெட்ரோலில் கலக்கப்படும் துப்புரவுச் சேர்மங்களே. இவற்றுள் பாலிஐசோபியூட்டின் அமீன் வகை வால்வுகளையும் இன்ஜெக்டர்களையும் நன்கு காக்கிறது. பாலிஈதர் அமீன் வகை எரிதல் அறையின் வெப்பத்தையும் தாங்கி அங்குள்ள படிவையும் அகற்ற வல்லது. இச்சேர்மங்களுக்கும் ஆக்டேன் மதிப்புக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. அமெரிக்க அரசின் குறைந்தபட்ச விதி போதவில்லை என்று கருதிய பி.எம்.டபிள்யூ., ஜெனரல் மோட்டார்ஸ், ஹோண்டா, டொயோட்டா ஆகிய நிறுவனங்கள் 2004-இல் டாப் டியர் என்னும் தரநிலையை உருவாக்கின. அத்தரநிலையை ஏற்கும் நிறுவனம் தான் விற்கும் எல்லா ஆக்டேன் வகைகளிலும் உரிய துப்புரவுச் சேர்மத்தைக் கலக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கம் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 6,400 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு இணையான சோதனைக்குப் பின், இத்தரநிலைக்கு உட்படாத பெட்ரோல் சராசரியாக 19 மடங்கு அதிகமான படிவை உண்டாக்கியது தெரியவந்தது. ஆக்டேனை உயர்த்திக் கிடைக்கும் எந்தப் பலனும் இந்த வேறுபாட்டுக்கு அருகில் வருவதாக எனக்குத் தோன்றவில்லை.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். சில சந்தைகளில் நிறுவனங்கள் தங்களின் உயர்விலை வகையில் மட்டுமே மேம்பட்ட துப்புரவுச் சேர்மத்தைக் கலக்கின்றன. உங்கள் ஊர் நிலை அதுவானால், அவ்வப்போது ஒரு முழு டாங்க் உயர் வகையை நிரப்புவதை நான் குறை சொல்ல மாட்டேன். அப்போதும் நீங்கள் பணம் கொடுப்பது சேர்மத்துக்கு என்பதை உணர்ந்து செய்யுங்கள். தரமான பாலிஈதர் அமீன் அடங்கிய துப்புரவுத் திரவத்தைத் தனியாக வாங்கி டாங்கில் ஊற்றுவதும் அதே வேலையைச் செய்யும்.

என் கார் உள்ளிழுப்புக் குழாயில் பெட்ரோலைப் பீய்ச்சும் பழைய முறையைச் சேர்ந்தது. சிலிண்டருக்குள் நேரடியாகப் பீய்ச்சும் இன்ஜின்களை நான் நீண்ட காலம் வைத்திருந்ததில்லை. எனவே அவற்றைப் பற்றிச் சொல்வதை அனுபவமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவற்றில் பெட்ரோல் உள்ளிழுப்பு வால்வின் மேல் படுவதே இல்லையாதலால் எவ்வளவு உயர்ந்த சேர்மமும் அந்த வால்வைக் கழுவ முடியாது. அங்கே சேரும் கரியை மெக்கானிக்கைக் கொண்டே அகற்ற வேண்டியிருக்கும். ஆனால் அவற்றின் இன்ஜெக்டர் முனை எரிதல் அறைக்குள்ளேயே இருந்து நெருப்பை நேருக்கு நேர் சந்திப்பதால், அதைத் தூய்மையாக வைக்கத் துப்புரவுச் சேர்மம் தேவைப்படத்தான் செய்கிறது.

எத்தனால் கலப்பைப் பற்றிச் சுருக்கமாக: ஒரே கன அளவில் எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலினதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு, ஆகவே 10 விழுக்காடு கலந்தால் மைலேஜில் 3 விழுக்காடு அளவுக்குக் குறைவு எதிர்பார்க்கத்தக்கது. எத்தனாலின் ஆக்டேன் மதிப்பு உயர்வானது என்பதால் நாக்கிங் குறித்துக் கவலை வேண்டாம். கையேடு அனுமதிக்கும் விழுக்காட்டைத் தாண்டாமல் இருப்பதே முக்கியம். பழைய கார்களின் ரப்பர்க் குழாய்களும் வளையங்களும் எத்தனாலுக்கென வடிவமைக்கப்பட்டவை அல்ல.

எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். சாதாரணப் பெட்ரோலும் மாதக்கணக்கில் நின்றால் இலேசான பகுதிகள் ஆவியாகி, எஞ்சியது ஆக்சிஜனோடு வினைபுரிந்து பிசினாகும். அதனால் விற்பனை மிகுந்த, தரைக்கடி டாங்க் அடிக்கடி காலியாகி நிரம்பும் நிலையத்தையே நான் தேர்ந்தெடுக்கிறேன். வாங்குவோர் குறைவாக இருக்கும் நிலையத்தில் 98 ஆக்டேன் பெட்ரோல் வாரக்கணக்கில் தேங்கியிருக்கலாம். வேகமாக விற்றுத் தீரும் சாதாரண வகை அங்கே அதைவிடப் புதியதாக இருக்க வாய்ப்புண்டு.

கடும் கோடையில் முழுச் சுமையோடு நீண்ட மலைப்பாதையில் ஏற வேண்டிய பயணங்களுக்கு மட்டும் நான் விதிவிலக்கு அளிக்கிறேன். வெப்பமும் சுமையும் சேரும்போது நாக்கிங்குக்கான வாய்ப்பு கூடுகிறது. அத்தகைய பயணத்துக்கு முன் அரை டாங்க் 91 இருக்கும்போது மீதியை 95-ஆல் நிரப்பினால் கலவை ஏறத்தாழ 93-இல் நிற்கும். முழு டாங்கையும் உயர் வகையால் நிரப்பத் தேவையில்லை. அப்படிச் செய்தும் ஏற்றத்தில் உலோகத் தட்டல் ஒலி கேட்டால், இன்னும் உயர்ந்த ஆக்டேனைத் தேடாமல், காரை மெக்கானிக்கிடம் கொண்டுசென்று எரிதல் அறையின் படிவையும் குளிர்விப்பு அமைப்பையும் நாக் சென்சாரையும் பார்க்கச் சொல்வேன்.