ஓமலூர் தாண்டி ஒரு பஞ்சாபி தாபா: ரொட்டி உண்டு, சிகரெட் இல்லை

சேலத்திலிருந்து பெங்களூரு போகும் சாலையில், ஓமலூரைத் தாண்டியதும் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் தாபா இது. பருப்புத் தட்கா நன்றாக இருக்கிறது, தந்தூரி ரொட்டி அதைவிட நன்றாக இருக்கிறது, பன்னீர் மட்டும் ரப்பர். முதலாளி ஒரு சர்தார்ஜி, ஆனால் "என்னங் சாப்புடறீங்" என்று நம்ம ஊர்க்காரர் மாதிரியே கேட்கிறார். ரொட்டியை அடுப்புக்குள் ஒட்டும்போது மணிக்கட்டில் கிடக்கும் 'கடா' என்ற இரும்பு வளையம் சூடேறிவிடும் என்பதால் அதை முழங்கைப் பக்கம் தள்ளிக்கொள்கிறாரே தவிர, கழற்றுவதில்லை. 1699-இல் சீக்கிய குரு கோவிந்த் சிங், தீட்சை பெற்ற சீக்கியர்களின் அமைப்பான கால்சாவை நிறுவியதிலிருந்து வரும் ஐந்து அடையாளங்களில் அதுவும் ஒன்று. வெட்டாத முடி, சீப்பு, கிர்பான் என்ற குறுவாள், கச்சேரா என்ற அரைக்கால் உள்ளாடை மற்ற நான்கு.

சிகரெட் கேட்ட டிரைவருக்கு எதிரே இருந்த பெட்டிக்கடையைக் கைகாட்டினார். கால்சாவில் புகையிலை அறவே கூடாது, கல்லாவுக்கு நஷ்டமென்றாலும் விற்கமாட்டார். அப்புறம், முதலாளி ஹெல்மெட் போடாமல் வண்டியை எடுத்ததும் பக்கத்து மேசையில் "நமக்கு மட்டும் ஃபைனா" என்று ஒரே புலம்பல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவே தலைப்பாகை கட்டிய சீக்கியருக்கு விலக்கு தருகிறது, சாமி. அதே மேசையில்தான் சர்தார்ஜி ஜோக்கும் ஓடியது, அதுவும் அவர் சுட்ட ரொட்டியை மென்றுகொண்டே.

லஸ்ஸிக்குச் சர்க்கரை குறைக்கச் சொல்லிவிடுங்கள். ஞாயிறு மதியம் போனால் உட்கார இடம் கிடைக்காது.