காட்டிலிருந்து வயலுக்கு இறங்கும் சிற்றாறு: கோப்பர்நிக்கஸ் 30 மீட்டர் உயரத் தரவு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

காட்டில் பிறந்து, வயல்வெளியில் வளைந்து, இருபது முப்பது கிலோமீட்டரில் பெரிய ஆற்றோடு கலந்துவிடும் சிற்றாறு அச்சு வரைபடத்தில் வெறும் நீலக் கோடு. அதன் நீர்பிடிப்பகுதி எவ்வளவு, எங்கே செங்குத்தாக இறங்குகிறது, எந்த ஓடை எங்கே சேர்கிறது என்றெல்லாம் கணக்கிட உயரத் தரவு வேண்டும். இலவசமாகக் கிடைப்பவற்றில் முதலில் எடுக்க வேண்டியது கோப்பர்நிக்கஸ் ஜிஎல்ஓ-30: ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்நிக்கஸ் திட்டம் தரும் இந்தத் தரவு, நிலத்தைச் சுமார் 30 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் உயரம் சொல்கிறது. ஆனால் அது காட்டில் சொல்வதை ஒரு மாதிரி படிக்க வேண்டும், வயலில் சொல்வதை வேறு மாதிரி. இரண்டும் சந்திக்கும் விளிம்பில் அது சொல்வதை அப்படியே நம்பினால் ஆறே இடம் மாறிவிடும்.

ஜோடியாகப் பறந்த டெர்ராசார்-எக்ஸ், டான்டெம்-எக்ஸ் என்ற இரண்டு ரேடார் செயற்கைக்கோள்கள் 2011 முதல் 2015 வரை எடுத்த அளவீடுகள்தான் இதற்கு அடிப்படை. நிலநடுக்கோட்டுப் பக்கம் ஒரு பாகை சதுரம் ஒரு கோப்பு. 3600 வரிசை, 3600 நிரல். பழைய எஸ்ஆர்டிஎம் என்ற அமெரிக்க உயரத் தரவு 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து 11 நாட்களில் எடுத்தது. அதிலும் கட்டத்தின் அளவு ஏறக்குறைய 30 மீட்டர்தான். வித்தியாசம் உயரத்தை எழுதும் விதத்தில் இருக்கிறது. எஸ்ஆர்டிஎம் முழு மீட்டராக எழுதுகிறது, ஜிஎல்ஓ-30 தசமத்தோடு எழுதுகிறது. மெல்லச் சரியும் வயல்வெளியில் முழு மீட்டர் என்றால் நிலம் அகன்ற படிக்கட்டாகிவிடும். ஒவ்வொரு படியின் மேலும் தண்ணீருக்குத் திசை தெரியாது. சமவெளிச் சிற்றாற்றுக்கு இந்த ஒரு காரணமே எஸ்ஆர்டிஎம்மை ஒதுக்கிவைக்கப் போதும்.

வேலைக்கு கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருள் போதும். முதலில் தரவைப் பாகையிலிருந்து மீட்டருக்கு, அதாவது அந்த இடத்துக்கான யுடிஎம் (தூரத்தை மீட்டரில் அளக்கும் வரைபட முறை) மண்டலத்துக்கு மாற்றுங்கள். மாற்றும்போது, சுற்றியுள்ள கட்டங்களின் உயரத்தைச் சராசரியாக்கும் 'பைலீனியர்' முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அருகிலுள்ள கட்டத்தின் உயரத்தை அப்படியே எடுக்கும் 'நியரஸ்ட்' என்று விட்டால் சில வரிசைகள் இரட்டிக்கும், நிலத்தில் கோடு கோடாகப் பொய்ப் பள்ளங்கள் விழும். வெட்டி எடுக்கும்போது எதிர்பார்க்கும் நீர்ப்பிரிமேட்டுக்கு வெளியே இரண்டு மூன்று கிலோமீட்டராவது விட்டுவையுங்கள். ஓரத்தில் ஒரு கிளை ஓடை வெட்டுப்பட்டால் பரப்பு குறைந்துபோகும், எந்தப் பிழைச் செய்தியும் வராது.

அடுத்து மூன்று படி: நீர் தேங்கிவிடும் குழிகளை உயர்த்தும் பள்ளம் நிரப்புதல், ஒவ்வொரு கட்டத்தின் நீரும் எந்தப் பக்கம் போகும் என்ற ஓட்டத் திசை, ஒரு கட்டத்துக்கு மேலிருந்து எத்தனை கட்டங்களின் நீர் வந்து சேர்கிறது என்ற ஓட்டத் திரட்சி. எத்தனை கட்டங்களின் நீர் சேர்ந்தால் ஓடை என்று கொள்வது? ஒரு சதுர கிலோமீட்டர் என்பது சுமார் 1,100 கட்டங்கள். 500 கட்டத்தில் தொடங்கி, ஓடைத் தலைப்புகளை செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டு ஏற்றி இறக்கலாம். இந்த எண்ணை வரைபடத்திலேயே எழுதிவையுங்கள். இது மாறினால் முதல் வரிசை ஓடைகளின் (வேறு ஓடை சேராதவற்றின்) எண்ணிக்கை மாறும், ஸ்ட்ராலர் வரிசை எண்ணும் (ஒரே வரிசை ஓடைகள் இரண்டு சேரும்போது ஒன்று கூடும் எண்) மாறும். எண் குறிப்பிடாமல் 'மூன்றாம் வரிசை ஆறு' என்று எழுதினால் அதற்குப் பொருளே இல்லை.

இனி காடு. இந்த ரேடாரின் அலைநீளம் சுமார் 3 சென்டிமீட்டர்; அடர்ந்த இலைக்கூரையை ஊடுருவி மண்ணைத் தொடாது. எனவே தரவில் இருப்பது தரையின் உயரமல்ல, பெரும்பாலும் மரத்தலையின் உயரம். மலைக்காட்டில் இது பெரிய கெடுதல் செய்வதில்லை. பள்ளத்தாக்கு 80 மீட்டர் ஆழம், மரங்கள் எங்கும் ஏறக்குறைய 20 மீட்டர் என்றால் மொத்த நிலமும் ஒன்றாகத் தூக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஓடைப் பாதை சரியாகவே விழும். ஆனால் ஈரமான பள்ளத்தில் மரம் உயர்ந்தும், மேட்டில் குட்டையாகவும் இருந்தால் பள்ளத்தாக்கு உண்மையைவிட ஆழம் குறைவாகத் தெரியும்.

சிக்கல் காட்டின் விளிம்பில். ஆறு காட்டைவிட்டு வயலுக்கு வரும் இடத்தில் ஒன்றிரண்டு கட்டங்களுக்குள் உயரம் 15, 20 மீட்டர் விழும். நீள்வெட்டு, அதாவது ஆற்றின் போக்கில் உயரம் இறங்கும் கோடு, வரைந்தால் அழகான அருவி! செயற்கைக்கோள் படத்தை மேலே போட்டுப் பாருங்கள்: வீழ்ச்சி மரங்கள் முடியும் கோட்டிலேயே இருந்தால் அங்கே அருவி இல்லை. எதிர்த்திசை இன்னும் மோசம். வயலிலிருந்து மறுபடி காட்டுக்குள் நுழையும் ஆற்றுக்கு அந்த விளிம்பு ஓர் அணை. பள்ளம் நிரப்பும் கருவி வயல் முழுவதையும் மரத்தலை மட்டத்துக்கு நிரப்பும். நீர் பக்கத்து நீர்பிடிப்பகுதிக்கு வழிந்துபோகும், பரப்பளவு அடியோடு தவறாகும். நிரப்பிய தரவிலிருந்து மூலத் தரவைக் கழித்து, 3 மீட்டருக்கு மேல் நிரம்பிய இடங்களுக்கு நிறம் கொடுங்கள். இந்தச் சோதனையை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது.

வயலில் ஆறு தனியாகப் போவதில்லை. இரு கரையிலும் மரவரிசை இருக்கும். 10 மீட்டர் அகல ஆறு, பக்கத்துக்கு 15 மீட்டர் மரம் என்றால் 30 மீட்டர் கட்டத்தில் ஆறு பள்ளமாக அல்ல, மேடாகப் பதியும். கணினி வரையும் ஓடை 60, 90 மீட்டர் தள்ளி வயலுக்குள் ஆற்றுக்கு இணையாக ஓடும். ஒரு கட்டத்தின் நீரைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் ஒன்றுக்கு மட்டும் அனுப்பும் எட்டுத் திசை முறையில் நீண்ட நேர்கோடுகள், ஒன்றுக்கொன்று இணையாக, வந்தால் அது ஆறல்ல, தட்டை நிலத்தில் கருவி திணறியதன் அடையாளம். வரப்பும் வாய்க்காலும் இந்தத் தரவில் தெரியவே தெரியாது.

சாலை மேடு இன்னொரு தொல்லை. அடியில் சிறுபாலம் வழியாக நீர் போவது ரேடாருக்குத் தெரியாது. இங்கே நிரப்புவதைவிட மேட்டை வெட்டித் திறக்கும் முறை நல்லது. வைட்பாக்ஸ் கருவித் தொகுப்பில் அது உண்டு. கிராஸ் என்ற இன்னொரு இலவச மென்பொருளின் நீர்பிடிப்புக் கருவியோ முன்கூட்டிப் பள்ளம் நிரப்பாமலே வேலை செய்யும்.

இவற்றுக்கு மாற்றாக, இதே தரவிலிருந்து மரத்தையும் கட்டடத்தையும் இயந்திரக் கற்றல் மூலம் கழித்து பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தினர் 2022இல் அறிமுகப்படுத்திய ஃபாப்டெம் என்ற உயரத் தரவு இருக்கிறது. காட்டு விளிம்பு உள்ள சிற்றாற்றுக்கு அதையே எடுக்கலாம். வணிகமல்லாத பயன்பாட்டுக்கு இலவசம். விளிம்பில் மிச்சப் படி ஒன்று நிற்கலாம் என்பதால் மேலே சொன்ன கழித்தல் சோதனை அதற்கும் வேண்டும்.

கையால் வரைந்த ஆற்றுக்கோட்டை உயரத் தரவில் பொறிப்பது, அதாவது கோடு போகும் கட்டங்களின் உயரத்தைத் தாழ்த்துவது, உண்டு. கோடு உண்மையான பள்ளத்திலிருந்து ஒரு கட்டம் விலகினாலும் இரட்டை ஓடை வரும். ஆகவே 10 மீட்டர் கட்டமுள்ள சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தின் மேல் வரைந்து, சமவெளிப் பகுதிக்கு மட்டும் பொறியுங்கள். வளைவு விகிதத்தையும் (ஆற்றின் நீளத்தை நேர்த்தூரத்தால் வகுத்தது) இந்தக் கோட்டிலிருந்தே எடுக்க வேண்டும். 30 மீட்டர் கட்டம் சிறு வளைவுகளை விழுங்கி ஆற்றின் நீளத்தைக் குறைத்துக் காட்டும்.

சரிவைக் கட்டத்துக்குக் கட்டம் கணக்கிடாதீர்கள். கிலோமீட்டருக்கு 5 மீட்டர் இறங்கும் ஆறு ஒரு கட்டத்தில் 15 சென்டிமீட்டர்தான் இறங்கும். தரவின் ஒப்பீட்டுத் துல்லியமோ (இரு இடங்களின் உயர வித்தியாசத்தில் வரக்கூடிய பிழை) மென்சரிவு நிலத்திலேயே 2 மீட்டர். இறக்கம் குறைந்தது 10 மீட்டர் வரும்படி நீளத்தை எடுங்கள். இந்த ஆற்றில் அது 2 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் இடத்தில் 10 கிலோமீட்டர்.

கோப்போடு வரும் துணை அடுக்குகளைப் பலரும் திறப்பதே இல்லை. நிரப்பிய இடம் எது, திருத்திய இடம் எது, நீர்ப்பரப்பு எது, உயரப் பிழை எவ்வளவு என்று கட்டம் கட்டமாக அவை சொல்கின்றன. நீள்வெட்டில் ஒரு மேடு புரியாவிட்டால் முதலில் அங்கே பாருங்கள். அங்கேயும் விடை இல்லையென்றால் ஆண்டைப் பாருங்கள்: 2013இல் நின்ற மரம் இன்று வெட்டப்பட்டிருக்கலாம்.